நான்காம் தடத்தின் மூன்று பூச்சியங்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் பிரிவின் தலைவி போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டார். இந்த முறை சேர்ந்த ஐந்து பேரில் நான்கு பேர் தமிழர், அவர்களுக்கு உங்கள் அனுபவத்தில் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார். ஜெர்மன் மொழியில் எழுதினால் நான் மிகவும் ஒழுங்கான மனிதனாகத் தெரிவேன். என் ஜெர்மன் முழுக்க விண்ணப்பங்கள் நிரப்பிக் கற்றது. அதில் பெரிய பொய்யும் சொல்ல வராது, முழு உண்மையும் சொல்ல வராது. ஆகவே தமிழில் எழுதுகிறேன். ஐந்தாவது பிள்ளைக்கு நீங்கள் நால்வரும் விளங்கப்படுத்திவிடுங்கள்.

நம் நிறுவனம் என்ன செய்கிறது என்று வீட்டில் சொல்ல முயன்று நீங்கள் ஏற்கெனவே தோற்றிருப்பீர்கள். நான் முப்பத்தொரு வருடம் தோற்றேன். ஊன்ட்றொப் காமாட்சி அம்பாள் கோயில் திருவிழாவில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், கம்பியூட்டர் என்று சொல்லிவிட்டுக் கச்சான் கடலை வாங்கப் போய்விடுவேன். உங்களுக்குச் சொல்கிறேன். ஒரு பக்கம் தரவுத்தளம், மறுபக்கம் அதைப் பயன்படுத்துகிற நிரல்கள். நடுவில் நின்று எண்களையும் எழுத்துகளையும் கைமாற்றிக் கொடுக்கிற இடைமுகம் நம்முடையது. கொடுத்ததைக் கொடுத்தபடி சேர்க்க வேண்டும். தபால்காரனுக்கு உள்ள அதே கடமைதான். கடிதத்தைத் திருத்தி எழுதுகிற வேலை அவனுக்கு இல்லை.

தசம எண்களில் இது நினைக்கிற அளவு சுலபம் அல்ல. கணினி தன் வழக்கமான முறையில் பின்னங்களைக் கிட்டத்தட்டத்தான் வைத்திருக்கும். பத்தில் ஒன்றைக்கூட அதனால் அச்சொட்டாக வைத்திருக்க முடியாது. பலருக்கு அது போதும். மருந்து நிறுப்பவர்களுக்கும் நிலம் அளப்பவர்களுக்கும் போதாது. அவர்களுக்காகத்தான் எத்தனை இலக்கம் வந்தாலும் அத்தனையையும் தாங்குகிற தசம வகை ஒன்று நம் இடைமுகத்தில் இருக்கிறது. அதை எழுதியவன் நான். நாற்பது இலக்கம் கொடுத்தால் நாற்பதும் திரும்பி வரும். அதனால் எனக்கு இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

ஒரேயொரு அழகுவேலை மட்டும் செய்திருந்தேன். புள்ளிக்குப் பின்னால் கடைசியில் நிற்கிற பூச்சியங்களை வெட்டிவிட்டுச் சேமித்தேன். 50.000 வந்தால் 50. இரண்டும் ஒன்றுதானே, எதற்கு வால் என்று நினைத்தேன். நாம் புள்ளி போடுகிற இடத்தில் ஜெர்மன்காரர் காற்புள்ளி போடுவார்கள், நான் இங்கே புள்ளியே போடுகிறேன். அந்தச் சண்டைக்கு இப்போது போகவில்லை.

பத்தொன்பது வருடம் யாரும் முறையிடவில்லை. எங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் களஞ்சியக்காரர். திருகாணிகளை எண்ணுகிறவர்களுக்குப் பூச்சியத்தின் மேல் பாசம் கிடையாது. பிறகு ஒரு வசந்த காலத்தில் அளவைப் பணியகம் ஒன்று எங்களிடம் வந்தது. பாலம், சுரங்கம், நீச்சல் குளம் எல்லாம் அளந்து சான்றிதழ் கொடுக்கிறவர்கள். அவர்கள் எங்கள் இடைமுகத்தின் புதிய பதிப்பை எடுத்து அளந்த முதல் குளம், பக்கத்துச் சிறுநகரத்து நீச்சல் குளம். எட்டுத் தடங்கள். பெரிய போட்டி ஒன்றுக்காக அந்தக் குளத்தைப் புதுப்பித்திருந்தார்கள்.

போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது குளத்தின் பொறுப்பாளர் அம்மையார் எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். நீச்சல் சங்கத்திலிருந்து ஒரு பரிசோதகர் வந்து சான்றிதழைப் பார்த்தாராம். முதலாம் தடம் 50.003 மீட்டர், சரி. இரண்டாம் தடம் 50.002, சரி. மூன்றாம் தடம் 50.001, சரி. நான்காம் தடம் 50. பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்துவிட்டு, நான்காம் தடம் அளக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டாராம். மூன்று தசமத் தானங்கள் இல்லாத நீளம் நீளமே அல்ல என்பது விதி. மற்ற ஏழு தடங்களிலும் போட்டி நடத்தலாம். நான்காம் தடத்தில் ஒருவரும் நீந்தக் கூடாது.

நீச்சல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், நான்காம் தடம் என்பது முதல் ஆளாக வரக்கூடியவருக்குக் கொடுக்கிற தடம். எட்டுத் தடங்களில் இம்மியும் பிசகாமல் கட்டப்பட்டிருந்ததும் அது ஒன்றுதான். அந்தக் குற்றத்துக்காகத்தான் அதைத் தள்ளி வைத்தார்கள்.

எங்கள் முதலாளி பதறிவிட்டார். பதறுகிற மனிதர் உடனே ஒரு கட்டளை போடுவார், அதுதான் நோய்க்குறி. சான்றிதழில் வருகிற எல்லா எண்களிலும் புள்ளிக்குப் பின்னால் மூன்று தானம் வரும்படி பூச்சியம் ஒட்டச் சொன்னார். செய்தோம். நான்தான் செய்தேன். பின்னேரமே புதிய சான்றிதழ் போனது. அடுத்த நாள் காலையில் பரிசோதகர் அதைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். நான்காம் தடம் 50.000 என்று இருந்தது, உண்மை. கூடவே, தடங்களின் எண்ணிக்கை 8.000. உயிர்காப்பாளர்கள் 2.000. தனியாகக் குளத்துக்குள் வர அனுமதிக்கப்படும் பிள்ளையின் வயது 7.000. பாய்கிற மேடை 1.000.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உயிர்காப்பாளர்களை ஆயிரத்தில் ஒரு பங்கு வரை துல்லியமாக எண்ணியது யார், எந்தக் கருவியால் என்று அமைதியாகக் கேட்டுக் குறிப்பேட்டில் பேனையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன்.

பிறகு அந்த மனிதர் சொன்னதைத்தான் நான் பத்தொன்பது வருடத்துக்கு முன்னமே யோசித்திருக்க வேண்டும். 50 என்று சேமித்திருந்தால், அதை ஒருவன் மில்லிமீட்டர் வரை அளந்தானா, இல்லை காலடியால் எட்டி நடந்து பார்த்து எழுதினானா என்று எப்படித் தெரியும்? இப்போது நீங்கள் ஒட்டிய பூச்சியம் அளந்தவனுடையதா, உங்களுடையதா? உண்மையான பூச்சியங்கள் சேமிக்கும்போதே போய்விட்டன. அளந்தவருடைய கைக்குறிப்பில் இருக்கும்தான், ஆனால் எல்லாவற்றையும் மின்னணுவாக்கி, கையெழுத்துக் குறிப்புகள் இனிச் செல்லாது என்று அந்த நகரசபையே அதற்கு முந்தின மாதம் தீர்மானம் எழுதியிருந்தது. மறுபடி அளக்க வேண்டும். அளவையாளர் தன் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தான் வர முடிந்த அடுத்த டெர்மின் ஏழு வாரம் கழித்து என்று அறிவித்தார்.

இவ்வளவும் சிரிக்கிற கதை. சிரிப்பு வராத பகுதி இனித்தான்.

அளவைப் பணியகத்துக்குப் போன அந்தப் பதிப்பைக் கட்டி வெளியே அனுப்பியது மாலினி என்ற பிள்ளை. மதுரையிலிருந்து டிரெஸ்டனுக்குப் படிக்க வந்து, படித்து முடித்து, எத்தனையோ இடத்துக்கு எழுதிப்போட்டுக் கடைசியில் எங்களிடம் வேலை கிடைத்து வந்தவள். என்னை அங்கிள் என்பாள். அண்ணை என்று கூப்பிடுங்கோ என்று நான் பல தடவை சொல்லியும் மாற்றவில்லை. எனக்கு அப்போது ஓய்வு பெற ஒரு வருடம்தான் இருந்தது, ஆகவே வழக்காட வலுவில்லை. அவளுக்குப் புரோபேட்சைட், அதாவது முதல் ஆறு மாதத் தகுதிகாண் காலம், முடிய எட்டு நாள் இருந்தது. அதற்குள் காரணம் எதுவும் சொல்லாமலே அனுப்பிவிடலாம். அவளுடைய வதிவிட அனுமதி அந்த வேலையோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது.

வாடிக்கையாளருக்கு ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்று முதலாளி நினைத்தார். யார் அனுப்பியது என்று பதிவேட்டைப் பார்த்தார், மாலினியின் பெயர் இருந்தது. அவர் கெட்ட மனிதர் அல்ல. பதிவேட்டில் இருக்கிற பெயரை மட்டும் பார்க்கிற மனிதர். வேலைநீக்கக் கடிதம் தயாராகிறது என்று அலுவலகக் காரியதரிசி என்னிடம் காதோடு காதாகச் சொன்னார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தேநீர் போட்டுக் குடித்தேன். பூச்சியத்தை வெட்டுகிற அந்த நான்கு வரியை எழுதியது நான் என்று எனக்குத் தெரியும். பத்தொன்பது வருடத்துக்கு முந்தின பதிவேட்டை யாரும் கிண்டப் போவதில்லை என்பதும் தெரியும். சோதனைகள் எல்லாம் தேறிப் பச்சையாக இருந்தனவே, அதைப் பார்த்துத்தானே அனுப்பினாள், யாருடைய பிழை என்று தெளிவாகச் சொல்ல முடியாதே என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் இப்படிப் போனது. அந்த இரண்டு நாளை நினைக்க எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் நாள் மாலினி என் மேசைக்கு வந்தாள்.

"அங்கிள், உங்க டெஸ்ட் ஃபைலை முழுசாப் பார்த்தேன். எல்லா நம்பரும் ஒண்ணுலயே முடியுது. ஏன்?"

ஒரு சில இருக்கும் என்றேன். ஒன்றுவிடாமல் எல்லாம் என்றாள். திறந்து பார்த்தேன். தசம வகையைச் சோதிக்க நான் எழுதி வைத்த எண்கள் நானூற்றுச் சொச்சம். 7.251. 0.00001. 1200.5001. நாற்பது இலக்கப் பெரிய எண்கூட ஒன்றில்தான் முடிந்தது. பூச்சியத்தில் முடிகிற எண் மருந்துக்கும் இல்லை. பூச்சியத்தை வெட்டுகிற நிரலைப் பத்தொன்பது வருடமாகப் பூச்சியமே இல்லாத எண்களால் சோதித்து, பச்சை விளக்கைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறோம்.

ஏன் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்காமல் இருந்திருக்கலாம். கலியாண வீட்டுக்குப் போனால் நாங்கள் உறைக்குள் நூறு வைப்பதில்லை, நூற்றொன்று வைப்போம். ஐம்பதுக்கு ஐம்பத்தொன்று. பூச்சியத்தில் முடித்தால் காரியம் அத்தோடு முடிந்துபோகும், ஒன்று போட்டால் மேலே தொடரும். யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தராத விஷயம். என் கைக்கு அது தெரிந்திருந்தது, தலைக்குத் தெரிந்திருக்கவில்லை. எந்த எண்ணையும் பூச்சியத்தில் முடிக்க என் விரல் போயிருக்கவில்லை.

"அது நான் யோசிச்சுச் செய்யேல்லை பிள்ளை. கை செய்த வேலை" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

"சேர்ந்த முதல் வாரமே பார்த்தேன் அங்கிள். மொய் எழுதுற மாதிரி இருக்கேன்னு தோணுச்சு. எங்க வீட்டுலயும் அப்படித்தான். அதான் கேக்கணும்னே தோணலை."

பிள்ளைகளே, இதைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். அந்தக் கோப்பை ஒரு ஜெர்மன் பிள்ளை பார்த்திருந்தால் முதல் நாளே ஏன் எல்லாம் ஒன்றில் முடிகிறது என்று கேட்டிருக்கும். எழுதியவனும் நம்மவன், பார்த்தவளும் நம்மவள், ஆகவே இருவருக்கும் அது இயல்பாகத் தெரிந்துவிட்டது. வேலையில் விசித்திரமாகத் தெரிவதை எப்படியும் யாராவது கேட்பார்கள். உங்களுக்கு வீட்டுப் பழக்கம்போலத் தெரிகிறதைத்தான் நீங்கள் இரண்டாம் தரம் பார்க்க வேண்டும்.

அடுத்த நாள் கூட்டம். முதலாளி, குளத்து அம்மையார், பரிசோதகர், அளவையாளர், மாலினி, நான். முதலாளியின் முன்னால் ஒரு நீலக் கோப்புறை கிடந்தது. கடிதம் அதற்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், மாலினிக்கும் தெரிந்திருக்கும், முகம் அப்படி இருந்தது. பூச்சியத்தில் முடிகிற எண்ணால் ஏன் சோதிக்கவில்லை என்று முதலாளி அவளிடம் கேட்டார். சோதனைகள் என்னுடையவை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு, தான் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்றாள். என் பெயரைச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அதற்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை. நிரலும் என்னுடையது, சோதனையும் என்னுடையது, இந்தப் பிள்ளை நான் கொடுத்ததை அனுப்பியது மட்டும்தான் என்று சொன்னேன். எழுந்து நின்றா சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. முதலாளி பிறகு சொன்னார், நான் மேசையில் தட்டினேனாம்.

சரி, சோதனை எண்கள் ஏன் எல்லாம் ஒன்றில் முடிகின்றன என்று முதலாளி கேட்டார். கலியாண வீட்டு உறையைப் பற்றி நான் ஜெர்மன் மொழியில் விளங்கப்படுத்த வேண்டியதாயிற்று. விண்ணப்பங்களில் அதற்கான சொற்கள் வருவதில்லை. எப்படியோ சொல்லி முடித்தேன்.

யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பரிசோதகர் இந்த ஒழுங்கு எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் யார் கண்காணிக்கிறார்கள் என்றார். மாமிமார் என்றேன். அதைக் குறித்துக்கொண்டார். குளத்து அம்மையார், அப்படிப் பார்த்தால் 50.001 என்கிற மூன்றாம் தடம்தான் அதிர்ஷ்டமானதா என்று விசாரித்தார். முதலாளி பிழை அறிக்கைப் படிவத்தைத் திறந்தார். அதில் காரணம் என்ற கட்டத்தில் மூன்று தெரிவுகள்தான் இருந்தன: மனிதர், இயந்திரம், காலநிலை. அவர் ஒழுங்கான மனிதர், பொருந்தாத இடத்தில் புள்ளடி போடமாட்டார். நான்காவதாகத் 'திருமணம்' என்று ஒன்றைச் சேர்த்து அதில் புள்ளடி போட்டார். நீங்கள் பிழை அறிக்கை நிரப்பும்போது அது இன்னும் அங்கே இருக்கும். ஏன் என்று இனிக் கேட்கமாட்டீர்கள்.

அதுவரை வாய் திறக்காமல் இருந்த அளவையாளர் என்னைப் பார்த்துப் பேசினார். அறுபது வயதுக்காரர், பெரிய கைகள்.

"அந்த மூன்று பூச்சியத்துக்காக நான் ஈரத் தரையில் மூன்று தரம் முழங்காலில் நின்றேன்" என்றார். "முதல் தரம் 50.000 வந்தது. நம்பவில்லை. மறுபடி அளந்தேன். அதையும் நம்பவில்லை."

நான் மன்னிப்புக் கேட்டேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் என் இலக்கங்களைத் தொலைத்திருக்கிறார்கள், எப்படித் தொலைத்தோம் என்று வந்து சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் என்றார். பிறகு நாட்குறிப்பை எடுத்தார். வருகிற செவ்வாய் எனக்கு விடுமுறை, மீன் பிடிக்கப் போவதாக இருந்தேன், காலையில் வந்து அளக்கிறேன் என்றார். முதலாளி நீலக் கோப்புறையைத் திறக்காமலே தன் பைக்குள் வைத்தார்.

செவ்வாய்க்குள் திருத்த வேண்டும். மாலினியும் நானும் உட்கார்ந்தோம். திருத்தம் சின்னது. எண்ணின் இலக்கங்களை ஒரு முழு எண்ணாகவும், புள்ளி எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதை இன்னொரு எண்ணாகவும் தனித்தனியே கைமாற்ற வேண்டும். 50000, புள்ளி பின்னாலிருந்து மூன்றாம் தானத்தில். அவ்வளவுதான். கொண்டுவந்தவன் எத்தனை பூச்சியம் கொண்டுவந்தானோ அத்தனை திரும்பிப் போகும். கூட்டவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். புதிய சோதனை எண்களை என்னையே அடிக்கச் சொன்னாள். 50.000 என்று அடிக்க வேண்டும். இரண்டாவது பூச்சியம் வரை போனேன். மூன்றாவதில் விரல் நின்றுவிட்டது. கம்பியூட்டரில் வேலை செய்து தலை நரைத்தவன், ஒரு பொத்தானை அமத்த முன்னம் காமாட்சி அம்பாளைக் கூப்பிட்டேன். அவள் கையை நீட்டித் தானே அமத்திவிட்டாள்.

செவ்வாய் காலை குளத்தங்கரையில் எல்லோரும் சப்பாத்துக்கு மேல் நீல நிறப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு நின்றோம். அளவையாளர் முழங்காலில் நின்றார். மூன்று தரம் அளந்தார். ஒவ்வொரு தரமும் கருவியைத் திருப்பி மாலினிக்குக் காட்டினார், எனக்குக் காட்டவில்லை. 50.000. அளவு தரவுத்தளத்துக்குப் போய், திரும்பி வந்து, அச்சாகி வெளியே வந்தது. பரிசோதகர் பூச்சியங்களை விரலால் தொட்டு எண்ணிவிட்டுக் கையொப்பம் போட்டார். உயிர்காப்பாளர்கள் வெறும் 2 என்று இருந்ததையும் சரிபார்த்தார். போட்டி நடந்தது. நான்காம் தடத்தில் நீந்தியவர் ஐந்தாவதாக வந்தார், அது நம் இடைமுகத்தின் குற்றம் அல்ல.

எட்டு நாள் முடிந்தது. மாலினிக்கு நிரந்தர வேலைக் கடிதம் வந்தது. முதலாளி அதை அதே நீலக் கோப்புறையில் வைத்துக் கொடுத்தார். அந்தக் கோப்புறையைக் கண்டதும் பிள்ளைக்கு முகம் செத்துப்போனது. மனிதருக்கு வேறு நிறத்தில் ஒன்று எடுக்கத் தோன்றவில்லை.

அடுத்த வருடம் நான் ஓய்வு பெற்ற அன்று, பிரியாவிடையில் மாலினி ஒரு அட்டை தந்தாள். அதில் 31.000 என்று மட்டும் எழுதியிருந்தது. பிள்ளை, வருடத்துக்கு எதற்கு மூன்று பூச்சியம், நீங்களும் ஒட்டத் தொடங்கிவிட்டீர்களோ என்று கேட்டேன்.

"ஒட்டலை அங்கிள். நீங்க சேர்ந்த தேதியை ஆபீஸ்ல கேட்டு வாங்கி, நாள் கணக்கா எண்ணித்தான் போட்டேன்" என்றாள்.

அட்டையின் மூலையில், கடைசிப் பூச்சியத்துக்குப் பக்கத்தில், ஒரு ஒற்றை யூரோ நாணயம் ஒட்டியிருந்தது. இது என்ன என்று கேட்டேன்.

"ஜீரோல முடியக் கூடாதுல்ல."

கண் கலங்கியது, அதை மறைக்கவும் இல்லை. அந்த அட்டை என் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. நாணயத்தை நான் இன்னும் கழற்றவில்லை.

உங்கள் தலைவி மாலினி திங்கட்கிழமை காலையில் உங்கள் சோதனைக் கோப்புகளைத் திறந்து, ஏன் இந்த எண், ஏன் அந்த எண் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். தெரிந்தால் சொல்லுங்கள். கை செய்த வேலை என்றால் அதையும் சொல்லுங்கள், அவருக்கு விளங்கும்.